அசல் ஒன்று, வெத்து ஒன்று

அந்த மருந்துக் கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு அப்ரண்டிஸ்களை எடுப்பார்கள். ஒருவர் அசல். மற்றவர் வெத்து.

புது மாத்திரை வந்தால் பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரையும் மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதே முறைதான். மாத்திரைக்குச் செய்வதை மனிதருக்குச் செய்யாமல் விடுவது நியாயம் இல்லை என்று கம்பெனி நினைத்தது.

அந்த வருடம் சேர்ந்தவர்கள் நிறைமதியும் நஸ்ரினும். நிறைமதி மதுராந்தகத்துப் பெண். பி.எஸ்சி. வேதியியல். நஸ்ரின் வாலாஜாபாத்திலிருந்து வந்தவள். அவளும் பி.எஸ்சி. வேதியியல். நஸ்ரின் நான்கு விரற்கடை குட்டை. ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று முதல் நாளே அவளுக்கு ஏறி நிற்க ஒரு பலகை கொடுத்தார்கள். வருடம் முழுக்க அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

யார் அசல், யார் வெத்து என்பது இருவருக்கும் தெரியாது. வேலை வாங்கும் ஆவுடையப்பன் சாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் முகத்தில் தெரிந்துவிடும். ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து, தரப் பிரிவு குளோரி மேடத்தின் பீரோவில் வைத்திருந்தார்கள். குளோரி மேடத்துக்கும் தெரியாது. எழுதியவர் எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"வருஷக் கடைசில பிரிப்போம்," என்றார் ஆவுடையப்பன் சார். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் அசல் மாதிரியே இருங்க."

"வெத்துன்னு வந்தா என்ன சார் ஆகும்?" என்று நிறைமதி கேட்டாள்.

"கழிச்சுருவாங்க."

"வேலையிலேருந்தா?"

"இல்லம்மா. அசல்லேருந்து."

எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நிறைமதி அதையும் குறித்துக்கொண்டாள்.

இருவரின் வெள்ளைக் கோட்டிலும் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். 'சோதனையில் உள்ளது' என்று அதில் அச்சிட்டிருந்தது. மஞ்சள் சீட்டுக்காரர்கள் கேன்டீனில் தனி மேசையில் உட்கார வேண்டும். தேர்வாகிவிட்ட பச்சைச் சீட்டுக்காரர்களோடு கலந்துவிடக் கூடாது. கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். அந்த மேசையில் வேறு யாரும் கிடையாது. மூன்றாம் நாளே இருவரும் ஒருத்தி டப்பாவை இன்னொருத்தி திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நஸ்ரினுக்கு இது மூன்றாவது கம்பெனி. அவள் சேர்ந்த முதல் கம்பெனி ஐந்தாம் மாதம் பிரியாணிக் கடையாக மாறியது. இரண்டாவது கல்யாண மண்டபமாக மாறியது.

"ரெண்டாவதுல கடைசி வாரம் நான் பந்தியில தண்ணி வச்சேன்," என்றாள். "இதாவது நிலைக்கணும்டி."

நிறைமதியின் அப்பா தறிப் பட்டறையில் இருந்தார். என் மகள் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டிருந்தார். யாராவது தும்மினால் நிறைமதியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலை சுலபம். இருவருக்கும் அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவில் கண்ணாடிச் சுவர். அறைக்கொரு மிஷின். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. எல்லாரும் மிஷின் என்றே சொன்னார்கள். மாத்திரையை அரைத்து, கரைத்து, வடிகட்டி, சுண்டுவிரல் அளவு சீசாவில் அடைத்து மிஷினின் வாயில் வைக்க வேண்டும். மிஷின் நாற்பது நிமிடம் முனகும். பிறகு ஒரு தாளில் மலை ஒன்றை வரையும். அதன் கீழே மருந்து எத்தனை சதவீதம் என்று எழுதும்.

தினமும் நிறைமதிக்கு 99.4 வந்தது. நஸ்ரினுக்கும் 99.4 வந்தது.

ஆவுடையப்பன் சார் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இரண்டு மலைக்கும் ஒரே உச்சி. "ம்," என்பார். அந்த 'ம்'மில் பாராட்டு இருக்கிறதா என்று இருவரும் பஸ்ஸில் பேசிக்கொண்டே போவார்கள். செங்கல்பட்டு வரைக்கும் அந்தப் பேச்சு தாங்கும்.

ஒன்பதாம் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அசல் அப்ரண்டிஸின் பலனிலிருந்து வெத்து அப்ரண்டிஸின் பலனைக் கழித்தால் மீதி வருவதே பயிற்சியின் பலன் என்று அதில் இருந்தது. மீதி வராவிட்டால் பயிற்சிக்குப் பலன் இல்லை. இருவருக்கும் சான்றிதழ் இல்லை.

நிறைமதி மனதிலேயே கழித்துப் பார்த்தாள். மீதி வரவில்லை.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி மோசமா செய்யணும்," என்றாள் நஸ்ரின். டப்பாவில் அன்று தக்காளி சோறு. "நான் செய்யறேன். எனக்குப் பழக்கம்."

"நீ அசலா இருந்துட்டா? அசல் மோசமா செஞ்சா, பயிற்சி உடம்புக்கு ஆகாதுன்னு எழுதிருவாங்கடி."

"அப்ப வெத்துதான் மோசமா செய்யணும்."

"வெத்து யாருன்னு தெரியணுமே."

நஸ்ரின் கொஞ்ச நேரம் மென்றாள். "வெத்து அப்ரண்டிஸுக்கு மட்டும் நிஜ மிஷினையா குடுத்திருப்பாங்க?" என்றாள்.

மறுநாள் இருவரும் மாத்திரையை அரைக்கவில்லை. சீசாவில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார்கள். கண்ணாடிச் சுவர் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒரே நேரத்தில் மிஷினில் வைத்தார்கள். நாற்பது நிமிடம் இரண்டு மிஷினும் முனகின.

நஸ்ரினின் தாளில் மலை இல்லை. தரை மட்டும் இருந்தது. கீழே 0.0.

நிறைமதியின் தாளில் மலை வந்தது. நல்ல மலை. கீழே 99.4.

நிறைமதி அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது மாதமாக அவள் அதை நூற்றுத் தொண்ணூறு முறை பார்த்திருக்கிறாள். இன்றுதான் அது ஒவ்வொரு நாளும் ஒரே மலை என்பது அவளுக்குப் பட்டது. வலது சரிவில் ஒரு சின்ன மேடு. நேற்றும் இருந்தது. சேர்ந்த அன்றும் இருந்தது.

நஸ்ரின் பலகையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். தாளைப் பார்த்தாள். கன்னத்தில் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "நீதான்டி வெத்து."

"தெரியுது."

"உக்காரு."

"ஒன்பது மாசமா நான் எதுவுமே கத்துக்கலையா?"

"மாத்திரையை நல்லா அரைக்கிற," என்றாள் நஸ்ரின். "எனக்குத் திப்பி திப்பியா வரும். உனக்கு மாவு மாதிரி வரும். அது நிஜம்."

நிறைமதிக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆறுதல் அதிக நேரம் நிற்கவில்லை. மிஷின் தாளில் எழுதும்போதே பதிவேட்டிலும் எழுதிவிடும் என்பதை இருவரும் மறந்துபோயிருந்தார்கள். பதிவேட்டில் பக்க எண் உண்டு. கிழிக்க முடியாது. அசல் அப்ரண்டிஸுக்கு 0.0, வெத்து அப்ரண்டிஸுக்கு 99.4 என்று பளிச்சென்று மையில் இருந்தது.

"இது நாலாவது கம்பெனிக்குப் போற வழி," என்றாள் நஸ்ரின்.

"இரு. நானும் ஒரு சைபர் வாங்கிடறேன். சரியாப்போயிடும்."

நிறைமதி அந்த வாரம் முழுக்க சைபர் வாங்க முயன்றாள். டீயை வைத்தாள். 99.4. கேன்டீன் ரசத்தை வடிகட்டி வைத்தாள். 99.4. கோட்டின் பொத்தான் ஒன்றைப் பிய்த்துச் சீசாவில் போட்டு வைத்தாள். 99.4. வெறும் சீசாவை வைத்தாள். மிஷின் நாற்பது நிமிடம் முனகி மலையை வரைந்தது. வலது சரிவில் சின்ன மேடு.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். மிஷின் முனகாமல் வரைந்தது. அது மட்டும்தான் வித்தியாசம்.

மெக்கானிக்கை வரச்சொன்னாள். அவர் நான்கு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்பும், மடித்துவைத்த பழைய செய்தித்தாளும் இருந்தன. மெக்கானிக் செய்தித்தாளை எடுத்து இரண்டு பக்கம் படித்தார். மறுபடி மடித்து வைத்தார்.

"நல்லாப் பராமரிச்சிருக்கீங்க," என்று சொல்லி மூடியை முடுக்கினார். "தூசியே இல்ல."

கடைசியாக நிறைமதி ஒரு நாள் லீவு போட்டாள். மதுராந்தகத்தில் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாள். மறுநாள் வந்து பதிவேட்டைப் பார்த்தாள். லீவு போட்ட நாளுக்கு நேராக 99.4 என்று இருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து. கேன்டீன் மேசையில் அவள் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது.

"நேத்து வந்திருந்தியே," என்றாள் நஸ்ரின். "அதிகமாப் பேசல."

அதற்குமேல் செய்வதற்கு எதுவும் இல்லை. இருவரும் ஒழுங்காக வேலை செய்தார்கள். இருவருக்கும் 99.4 வந்தது. அந்த ஒரு நாள் சைபர் மட்டும் பதிவேட்டில் வடு மாதிரி நின்றது.

வருடக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமை அலுவலகம் அதே மாடியில், டீ போடும் அறைத் திரைக்குப் பின்னால் இருந்தது. இருந்தாலும் மூன்று பேரும் பெட்டியோடு வந்தார்கள். பயணம் எப்படி என்று ஆவுடையப்பன் சார் விசாரித்தார். வழியில் தூங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

குளோரி மேடம் பீரோவிலிருந்து உறையை எடுத்துவந்தார். அரக்கைச் சோதித்துப் பிரித்தார். கண்ணை மூடி எழுதியதால் எழுத்து கொஞ்சம் மேலும் கீழுமாகப் போயிருந்தது. நிதானமாகப் படித்தார்.

"நிறைமதி, அசல். நஸ்ரின், வெத்து."

மூவரும் பதிவேட்டைப் பார்த்துக் கழித்தார்கள். மீதி வந்தது. ஒரு நாள் மீதிதான். ஆனால் கம்பெனி வரலாற்றில் மீதி வந்தது அதுவே முதல் தடவை. மூவரும் கைதட்டினார்கள். ஆவுடையப்பன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிறைமதி எழுந்து நின்றாள். "சார், என் மிஷின்ல ஒண்ணுமே இல்ல," என்றாள்.

"அப்படின்னா?"

"உள்ள ஒரு பல்பு இருக்கு. பழைய பேப்பர் இருக்கு. அவ்வளவுதான். திறந்து பாருங்க."

மூவரில் நடுவில் இருந்தவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "நாங்க பார்க்கக் கூடாதும்மா. பார்த்தா எங்க அபிப்பிராயம் கெட்டுப்போயிரும்."

"ஆவுடையப்பன் சாராவது வந்து பார்க்கட்டும்."

"எனக்கு முகத்துல தெரிஞ்சிரும்மா," என்றார் ஆவுடையப்பன் சார்.

"நஸ்ரின் மிஷின்தான் சார் நிஜம். தண்ணி வச்சோம். அது மட்டும்தான் சைபர்னு சொல்லிச்சு."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்," என்றார் நடுவில் இருந்தவர். "சைபர் வாங்கினது அவங்கதானே."

நஸ்ரின் பலகையின்மேல் நின்றிருந்தாள். முகம் சாதாரணமாக இருந்தது. கைப்பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அதை எப்போது மாட்டினாள் என்று நிறைமதி கவனிக்கவில்லை.

"எங்கம்மா கிளம்பறீங்க?" என்று குளோரி மேடம் கேட்டார்.

"கழிச்சுட்டீங்களே மேடம்."

"கழிச்சா ஆள் போயிர முடியாது. பதிவேட்டுல ஏறினதை ரப்பர் வச்சு அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. கீழ இருக்கறது படிக்கற மாதிரி இருக்கணும். அதுதான் முறை."

அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்கேலையும் நீலப் பேனாவையும் எடுத்தார். ஸ்கேலை நஸ்ரினின் இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை சாய்த்து வைத்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. கோடு வளையக் கூடாது."

நஸ்ரின் மூச்சைப் பிடித்தாள். குளோரி மேடம் கோடு போட்டார். கோடு வெள்ளைக் கோட்டின் துணிமேல் போனது, மஞ்சள் சீட்டின்மேல் போனது, கைப்பை வார்மேல் போனது, கைப்பைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த காற்றின்மேலும் நேராகப் போனது. முடிந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்.

"காரணம் எழுதணும்," என்றார். "அதைச் சரியான பதிவுதான் எழுதணும்."

பேனா நிறைமதியிடம் வந்தது.

எழுத மாட்டேன் என்று சொல்லலாமா என்று நினைத்தாள். காரணம் இல்லாவிட்டால் பதிவு அரைகுறை. அரைகுறைப் பதிவு இருந்தால் பதிவேடு முழுவதையும் எரித்துவிடுவார்கள் என்று, அவள் யோசிக்கும்போதே குளோரி மேடம் பதில் சொன்னார். பதிவேட்டில் இருவரும்தான் இருந்தார்கள்.

நிறைமதி குனிந்து, கோட்டின் ஓரமாக, சின்ன எழுத்தில் எழுதினாள். எழுதும்போது நஸ்ரினுக்குக் கூச்சம் எடுத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூவரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தார்கள்.

'தண்ணீரைத் தண்ணீர் என்று சொன்னார்.'

நடுவில் இருந்தவர் இரண்டு முறை படித்தார். "ஒற்று மிகுந்திருக்கு," என்றார். "சரிதான்." மூவரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஊருக்குப் போனார்கள்.

நிறைமதிக்குப் பச்சைச் சீட்டும் வேலையும் கிடைத்தன. அவள் அப்பா தெருவில் சொன்னார். தும்முகிறவர்கள் இப்போது வீட்டுக்கே வந்து தும்மினார்கள்.

நஸ்ரினும் தினமும் வந்தாள். அவளை வேலையை விட்டு நீக்க முடியாது. நீக்கினால் அது பக்கத்தைக் கிழித்த மாதிரி. கோடு அவளோடு இருந்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றினால் சுடிதாரில் இருந்தது. சுடிதாரை மாற்றினால் அடுத்த சுடிதாரில் இருந்தது.

"உறுத்துதா?" என்று நிறைமதி கேட்டாள்.

"இல்ல. துப்பட்டா மாதிரிதான் இருக்கு. எங்கம்மாதான் துவைச்சாப் போகுமான்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"கையெழுத்து இருக்கு, போகாதும்மான்னு சொன்னேன். கையெழுத்து இருக்கட்டும், உன் சிநேகிதியோட எழுத்து அழகா இருக்கேன்னாங்க."

அடித்த பதிவின் பக்கத்திலேயே சரியான பதிவு இருக்க வேண்டும் என்பதும் முறையில் இருந்தது. அதனால் பச்சைச் சீட்டு வந்த பிறகும் நிறைமதி நஸ்ரினின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பஸ்ஸிலும் பக்கத்து இருக்கை. குளோரி மேடம் சில நாள் வந்து இருவருக்கும் இடைவெளி அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

நஸ்ரினுக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. மிஷினை மட்டும் அவள் துடைத்துவைத்தாள்.

முதலில் வந்தது கேன்டீன் ஏழுமலை. தட்டு எடுக்க வந்தவர் கோட்டோரம் எழுதியிருந்ததைக் குனிந்து படித்தார். மறுநாள் ஒரு டம்ளர் பாலைத் துண்டில் மறைத்துக்கொண்டு அறைக்கு வந்தார்.

"இதுல தண்ணி எவ்வளவுன்னு பாரும்மா."

நஸ்ரின் மிஷினில் வைத்துப் பார்த்தாள். "நாப்பத்திரெண்டுண்ணே."

ஏழுமலை கணக்குப் போட்டார். "நான் முப்பதுதான் ஊத்தினேன்," என்றார். "மீதி பால்காரன்." கோபம் இல்லை. தெரிந்துகொண்ட திருப்தியோடு போனார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்டோர்ஸ் குமாஸ்தா தன் ராஜினாமாக் கடிதத்தை ஊறவைத்து வடிகட்டிச் சீசாவில் கொண்டுவந்தார். எழுதி ஆறு வருடமாக அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நஸ்ரின் தாளைப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லண்ணே," என்றாள். அவர் அங்கேயே ஒரு டீ வரவழைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். வாட்ச்மேன், மனைவி கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தோடு வந்தார். முடிவு தெரிந்ததும் அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பச்சைச் சீட்டுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு வராந்தாவில் வரிசையில் நின்றார்கள். வராந்தா போதாமல் போய், கம்பெனி அதைக் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தது.

நிறைமதி கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் தினமும் மாத்திரையை மாவாக அரைத்தாள். 99.4 வந்தது. அவளிடம் யாரும் எதையும் கொண்டுவரவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை என்று நஸ்ரினிடம் இரண்டு முறை சொன்னாள். இரண்டாம் முறை சொன்னபோது நஸ்ரின் தன்னுடைய வேலைக்கு வேண்டியதை இவளிடமே அரைக்கக் கொடுத்தாள். அதிலிருந்து எல்லாப் பொருளும் இந்த அறையில் அரைபட்டு அந்த அறைக்குப் போனது.

ஒரு வியாழக்கிழமை காலை வரிசை கலைந்த பிறகு ஆவுடையப்பன் சார் வந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அந்தக் கம்பெனி மாத்திரைதான். வயிற்று எரிச்சலுக்கானது.

"பதினோரு வருஷமாச் சாப்பிடறேன்," என்றார். "இதை எப்பவும் அந்தப் பக்கத்து மிஷின்லதான் பாஸ் பண்ணுவாங்க. உன் ரூமுக்கு வந்ததே இல்ல."

நிறைமதி ஒரு மாத்திரையை வாங்கி அரைத்தாள். நஸ்ரின் கரைத்து, வடிகட்டி, வைத்தாள். நாற்பது நிமிடம் மூவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். ஆவுடையப்பன் சார் நஸ்ரினின் கோட்டோரம் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மிஷின் தாளைத் தள்ளியது. நஸ்ரின் எடுத்துப் பார்த்தாள். நிறைமதியிடம் காட்டினாள். நிறைமதி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லட்டுமா சார்?" என்றாள் நஸ்ரின்.

ஆவுடையப்பன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை.

"சாப்பிட்டு வந்து கேட்டுக்கறேம்மா," என்றார்.

கதவைத் திறந்து வராந்தாவில் இறங்கி நடந்தார். போகிற வழியில் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார். வயிற்று எரிச்சல் உடனே நின்றது.